இத்தாலிய மொழியில் நாலு வார்த்தை பேச: வகுப்பா, செயலியா, தனி ஆசிரியரா?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ரோம், வெனிஸ் என்று குடும்பத்தோடு கிளம்பும் சிங்கப்பூர்த் தமிழர்கள் உண்டு. ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போய்வரும் குடும்பங்களில், பதுவை அந்தோணியாரின் பேராலயத்தையும் வத்திக்கானையும் ஒருமுறையாவது தரிசித்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அங் மோ கியோவில் இயங்கும் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ், 1987-இல் ஓர் இத்தாலிய நிறுவனமும் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் இணைந்து பிறந்தது. அப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கு மிலான் அருகிலுள்ள அக்ராத்தேவுக்கோ சிசிலியின் கத்தானியாவுக்கோ போகும் வாய்ப்பு வரலாம். இவர்களில் யாருக்கும் இத்தாலிய இலக்கியம் படிக்கும் அளவுக்குப் புலமை தேவையில்லை. காப்பி கேட்க வேண்டும், வழி விசாரிக்க வேண்டும், மருந்துக் கடையில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான்.

ரோமிலும் புளோரன்சிலும் பெரிய ஹோட்டல்களில் ஆங்கிலமே போதும். சிறிய ஊர்ப் பேருந்திலும், குடும்பமாக நடத்தும் உணவகத்திலும், வயதானவர்கள் கடை வைத்திருக்கும் சந்தையிலும் அது போதாது. அங்கே அரைகுறையாகவேனும் அவர்கள் மொழியில் பேசினால் முகம் மலர்ந்து உதவுவார்கள். அதற்காகவே இந்த மொழியைக் கற்கலாம் என்று நான் மனதார நம்புகிறேன்.

எப்படிக் கற்பது என்று வரும்போது கட்டணத்தை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். நான் வேறோர் அளவுகோலைச் சொல்கிறேன். ஒரு மணி நேரப் பாடத்தில் உங்கள் வாய் எத்தனை நிமிடம் இத்தாலிய மொழி பேசுகிறது? எதிரே இருப்பவர் எதிர்பாராத கேள்வி கேட்டால் சமாளிக்கும் பழக்கம் கிடைக்கிறதா? அன்றாடப் பேச்சுதான் குறிக்கோள் என்றால் இந்த இரண்டு கேள்விகளும் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

தமிழருக்கு எது எளிது, எது கடினம்

வழிகளை ஒப்பிடும் முன் நம் கையிருப்பைப் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலான பாடநூல்களும் செயலிகளும் ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கடினமான சில இடங்கள் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இத்தாலிய மொழியில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. ‘சேதே’ என்றால் தாகம், ‘செத்தே’ என்றால் ஏழு. பலியையும் பல்லியையும் பிரித்துச் சொல்லி வளர்ந்த நாக்குக்கு இது ஒரு பாடமே இல்லை. வினைச்சொல்லின் விகுதியே யார் பேசுகிறார் என்று காட்டிவிடும்: ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன், ‘பார்லி’ என்றால் பேசுகிறாய். நாம் ‘நான்’, ‘நீ’ இல்லாமலே வாக்கியத்தை முடிப்பதுபோல அவர்களும் முடிக்கிறார்கள். நெருங்கியவர்களிடம் ‘தூ’, மரியாதைக்கு ‘லேய்’ என்ற வேறுபாட்டையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாமாவிடம் எப்படிப் பேசுவது, தம்பியிடம் எப்படிப் பேசுவது என்பது சிறுவயதிலேயே தெரிந்தது. ஞகரம்கூட நம்மிடம் தயாராக இருக்கிறது.

சிரமம் வேறு இடத்தில் வரும். உயிரில்லாப் பொருளுக்கும் அங்கே ஆண்பால், பெண்பால் உண்டு. புத்தகம் ஆண், ‘இல் லீப்ரோ’. கதவு பெண், ‘லா போர்த்தா’. முன்னால் வரும் அந்தச் சிறு சொல்லும் பின்னால் வரும் அடைமொழியும் பாலுக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறும். இது கேட்டுக் கேட்டுத்தான் படியும். அடுத்தது எழுத்துச் சிக்கல். இந்தக் கட்டுரையில் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பேட்டில் அப்படி எழுதிவைத்துப் படிக்காதீர்கள். ‘பெல்லே’ என்று எழுதினால் அது ‘அழகானவர்கள்’ என்று பெண்களைக் குறிக்கும் சொல்லா, தோலைக் குறிக்கும் சொல்லா என்று நம் எழுத்தால் சொல்ல முடியாது. தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. காதால் கேட்டு வாயால் சொல்லும் வழி நமக்கு இன்னும் அவசியமாவது இதனால்தான்.

குழு வகுப்பு

சிங்கப்பூரில் இத்தாலிய வகுப்பு தேடுகிறவர்கள் தனியார் மொழிப் பள்ளிகளையும் இத்தாலியப் பண்பாட்டு அமைப்புகளையும் விசாரிக்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது பல்கலைக்கழகத்திலேயே பாடமாகக் கிடைக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் அந்த வாய்ப்பை விடக் கூடாது. மற்றவர்களுக்கு ஒரு நிலைக்குச் சில நூறு வெள்ளி ஆகும். அரசு பயிற்சிக்காகத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். சில மொழி வகுப்புகளுக்கு அது செல்லாது.

இப்போது என் அளவுகோலை வைத்துக் கணக்குப் போடுவோம். பத்துப் பேர் கொண்ட வகுப்பு, 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் ஆசிரியர் பேசினால் மிச்சம் 45 நிமிடம். ஆளுக்கு நான்கரை நிமிடம். அப்படி 20 வகுப்பு போனாலும் நீங்கள் வாய் திறந்தது ஒன்றரை மணி நேரம்தான். தனி ஆசிரியரிடம் அரை மணி நேரப் பாடத்தில் பாதி நேரம் நீங்கள் பேசினால், அதே ஒன்றரை மணி நேரம் ஆறே பாடங்களில் கிடைத்துவிடும். இருவர் இருவராகப் பேசவைக்கும் நல்ல ஆசிரியர் கிடைத்தால் வகுப்பின் கணக்கு மேம்படும். ஆனாலும் இடைவெளி பெரிது.

அதனால் வகுப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். அடித்தளத்தை ஒழுங்காகப் போடுவதில் அதற்கு ஈடில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவேன் என்று தம்மைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு வாரம் ஒரு நாள் போயாக வேண்டும் என்ற கட்டாயமே பெரிய துணை. சான்றிதழ் தேவைப்படுகிறவர்களுக்கு வகுப்புதான் நேர்வழி. ஐரோப்பிய மொழிகளின் படிநிலையில் ஏ1, ஏ2 இரண்டும் தொடக்கம்; நாம் பேசிக்கொண்டிருக்கும் அன்றாடப் பேச்சு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். 2018 டிசம்பர் முதல் திருமணம் வழியாகவோ நீண்டகாலம் வசித்தோ இத்தாலியக் குடியுரிமை கேட்பவர்கள் பொதுவாக அதற்கு அடுத்த படியான பி1 நிலையை நிரூபிக்க வேண்டும். சியெனாவில் உள்ள வெளிநாட்டினருக்கான பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெருஜாவில் உள்ள அதே வகைப் பல்கலைக்கழகத்தின் செலி, 1889-இல் தொடங்கப்பட்ட தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளிடா ஆகியவை அதற்கு ஏற்கப்படும் தேர்வுகள். குடிபெயரும் எண்ணம் இருக்கிறவர்கள் தொடக்கத்திலிருந்தே முறையான வகுப்பில் சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சிக் கழகம் தன் அதிகாரிகள் இத்தாலிய மொழியில் தொழில்முறைத் திறன் பெற ஏறக்குறைய 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிடுகிறது. ஆங்கிலம் பேசுபவருக்கு எளிதான மொழிகளின் பட்டியலில் இருந்தும் இவ்வளவு. காப்பிக் கடைப் பேச்சுக்கு இதில் சிறு பங்கு போதும். ஆனால் பத்து வார வகுப்பு முடிந்ததும் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம்.

செயலிகள்

டுவோலிங்கோ இலவசம், பேபல் கட்டணம் கட்டிப் படிப்பது. இரண்டிலும் சொற்கள் சேரும், தினமும் தொடும் பழக்கம் வரும், எம்ஆர்டியில் நின்றுகொண்டே செய்யலாம். என் அளவுகோலில் இவை கடைசி இடம். திரையில் உள்ள சொற்களை வரிசைப்படுத்துவது ஒரு திறமை. ரயில் நிலையத்தில் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க ‘எந்த நடைமேடை?’ என்று கேட்பது வேறு திறமை. சிறுவன் ஆப்பிள் சாப்பிடுகிறான் என்ற வகை வாக்கியங்களில் பல வாரம் கழிந்துவிடும். வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் ‘ஷோப்பெரோ’ என்ற சொல் நிலையத்தில் ஒட்டியிருந்தால் அன்றைய ரயில் வராமல் போகலாம் என்பது ஒரு பயணிக்கு ஆப்பிளைவிட முக்கியம்.

செயற்கை நுண்ணறிவோடு குரலில் பேசும் வசதி இப்போது பல செயலிகளில் வந்துவிட்டது. கூச்சம் உள்ளவர்களுக்கு ஒத்திகை பார்க்க நல்லது. நூறு முறை தப்பாகச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்கும். அந்தப் பொறுமையே அதன் குறையும்கூட. நிஜக் கடைக்காரர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

காதால் கேட்டுச் சொல்லும் பாடங்கள்

செயலிக்குக் கொடுக்கும் அரை மணி நேரத்தை இதற்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. பிம்ஸ்லர் பாடங்கள் ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். ஒரு சொல்லைச் சொல்லித் தருவார்கள், சற்று நேரம் கழித்துக் கேட்பார்கள், இன்னும் சற்றுத் தள்ளி மறுபடி கேட்பார்கள். மறக்கப்போகும் தறுவாயில் நினைவுபடுத்தும் இந்த முறை பால் பிம்ஸ்லர் என்ற மொழியியலாளர் 1960-களில் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. பணம் கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற இலவசப் பாடத்தில் இத்தாலிய அறிமுகம் இருக்கிறது. வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அதில் அழகாக யோசிக்கவைக்கிறார்கள். மனப்பாடம் செய்யாதீர்கள் என்றே சொல்கிறார்கள்.

ஒரு நிபந்தனை. பாடத்தில் ‘இப்போது சொல்லுங்கள்’ என்று நிறுத்தும்போது உரக்கச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி ரயிலில் அது நடக்காது; மனத்துக்குள் சொல்லிக்கொள்வது கணக்கில் சேராது. பூங்கா இணைப்புப் பாதையில் மாலை நடை போகும்போது, சமையலறையில் பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களும் ஓரிரு வாரத்தில் ‘க்ராத்ஸியே’ என்று நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

புத்தகம் மட்டும் வைத்துப் படிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொது நூலகங்களில் தொடக்க நூல்களை இலவசமாக எடுக்கலாம். சந்தேகம் வரும்போது புரட்ட ஒன்று மேசையில் இருக்கட்டும்.

தனி ஆசிரியர்

என் ஓட்டு இதற்குத்தான். ஐடாக்கி போன்ற தளங்களில் இத்தாலியிலேயே வசிக்கும் ஆசிரியர்கள் காணொளி வழியாகப் பாடம் எடுக்கிறார்கள். கட்டணத்தை அவரவரே வைக்கிறார்கள். பட்டம் பெற்ற ஆசிரியர்களைவிட வெறும் பேச்சுத் துணைக்கு வருபவர்கள் பொதுவாகக் குறைவாகக் கேட்பார்கள். நேர வேறுபாடும் நமக்குச் சாதகம். இத்தாலி நம்மைவிடக் கோடையில் 6 மணி நேரம், குளிர்காலத்தில் 7 மணி நேரம் பின்தங்கியது. நாம் இரவுச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு உட்காரும்போது அங்கே மதியம் ஒன்று அல்லது இரண்டு. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் பாட நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடம் எப்படிப் போகும் என்று பாருங்கள். செயலியில் படித்த ‘வொர்ரேய் உன் கஃப்பே’, அதாவது ‘ஒரு காப்பி வேண்டும்’ என்ற வாக்கியத்தோடு நீங்கள் வருகிறீர்கள். ஆசிரியர் கடைக்காரராக மாறுகிறார். ‘அல் பாங்கோ ஓ அல் தாவொலோ?’ நின்று குடிக்கிறீர்களா, மேசையில் உட்காருகிறீர்களா என்று கேட்கிறார். இத்தாலியில் இது வெறும் உபசாரக் கேள்வி இல்லை. பல கடைகளில் உட்கார்ந்தால் விலை கூடும். நீங்கள் திணறுகிறீர்கள். அவர் மெதுவாகத் திரும்பச் சொல்கிறார். ‘அல் பாங்கோ’ என்கிறீர்கள். உடனே அடுத்தது: ‘ஆல்த்ரோ?’ வேறு ஏதாவது? ‘பாஸ்தா கொசீ, க்ராத்ஸியே’, போதும், நன்றி. மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்தச் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழகியவர் மிலானில் கடை வாசலில் தயங்கி நிற்க மாட்டார். அடுத்த சுற்றில் ஆசிரியர் வேகத்தைக் கூட்டுவார், சர்க்கரை வேண்டுமா என்று இடையில் கேட்பார், இன்று அட்டை வேலை செய்யவில்லை, காசாகக் கொடுங்கள் என்பார்.

தனி ஆசிரியரிடம் நம் தேவையை நேராகச் சொல்லலாம் என்பது இன்னும் பெரிய லாபம். சைவம் சாப்பிடுகிறவர், மாட்டிறைச்சி தவிர்ப்பவர், பன்றி இறைச்சி தொடாதவர் என்று நம்மில் பல வகை. பொதுப் பாடத்திட்டம் எதுவும் இவர்களுக்காக எழுதப்பட்டதில்லை. ‘சோனோ வெஜெதரியானோ’ என்று ஆணும் ‘சோனோ வெஜெதரியானா’ என்று பெண்ணும் சொல்லிவிடலாம். ஆனால் சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க ‘சே ப்ரோதோ தி கார்னே?’ என்பதும் தெரிய வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. தீவிர சைவர்கள் ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’, பாலாடைக்கட்டி இல்லாமல் என்று கேட்க வேண்டியிருக்கும். ‘மான்ஸோ’ மாடு, ‘வித்தெல்லோ’ கன்று, ‘மயாலே’ பன்றி. பொலோஞ்ஞா பாணி ‘ரகூ’ குழம்பில் பொதுவாக மாட்டிறைச்சி உண்டு. பன்றியும் சேர்வது வழக்கம். இதைச் சொல்லி, ‘நீங்கள் உணவகப் பணியாளராக இருங்கள், நான் கேட்கிறேன்’ என்று ஒரு முழுப் பாடத்தையும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இத்தாலியருக்கும் தமிழருக்கும் இடையே இந்த வழி புதிதும் இல்லை. 1680-இல் இத்தாலியின் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே ஊரில் பிறந்த பெஸ்கி, தமிழ்நாட்டுக்கு வந்து சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டு வீரமாமுனிவர் ஆனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இன்று நாம் ஏ, ஓ என்று நெடிலைப் பிரித்து எழுதுவது அவர் செய்த சீர்திருத்தம். எதிரே ஆளை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுப் பேசியவர் அவர்.

குறைகளும் உண்டு. ஒழுங்கான பாடத்திட்டம் இல்லாத ஆசிரியரிடம் மாட்டினால் வாராவாரம் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். பணம் கட்டிவிட்டுத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது.

பணமில்லாத வழி மொழிப் பரிமாற்றம். டாண்டம், ஹலோடாக் செயலிகளில் ஆங்கிலம் பழக விரும்பும் இத்தாலியரைப் பிடித்து, பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் ஆங்கிலம் என்று பேசுவது. பெரும்பாலும் பேச்சு ஆங்கிலத்துக்கே சரிந்துவிடும், ஏனென்றால் நம் ஆங்கிலம் நம் இத்தாலியத்தைவிடப் பல மடங்கு மேல். கைப்பேசியில் 15 நிமிட அலாரம் வைத்து மொழியை மாற்றிக்கொள்பவர்களுக்கு மட்டும் பலன் தரும். கொஞ்சமாவது பேச வந்த பிறகு இதற்குப் போவது நல்லது. சியெனாவுக்கோ பெருஜாவுக்கோ போய் ஒரு மாதம் தங்கிப் படிப்பது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. அவ்வளவு விடுப்பு கிடைப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள்.

யாருக்கு எது

டிசம்பரில் விமானம் ஏறுகிறவர்கள் செப்டம்பரில் தொடங்கினால் போதும். முதல் ஆறு வாரம் காதால் கேட்கும் பாடம் தினமும் அரை மணி நேரம். அதன் பிறகு வாரம் இரண்டு முறை தனி ஆசிரியரோடு அரை மணி நேரம். வகுப்புக்கு ஆகும் பணத்தில் ஏறக்குறைய இது முடிந்துவிடும். ஆசிரியரின் கட்டணத்தைப் பொறுத்து மிச்சமும் ஆகலாம்.

வேலைக்காக ஓராண்டு, இரண்டாண்டு போகிறவர்களுக்கு வகுப்பும் தனி ஆசிரியரும் சேர்ந்தே வேண்டும். கணவருக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் இருக்கும். உடன் போகும் மனைவிதான் பள்ளி வாசலிலும் மருத்துவமனையிலும் கடையிலும் இத்தாலிய மொழியில் பேச வேண்டியிருக்கும். மனைவிக்கு வேலை மாற்றம் வந்து கணவர் உடன் போனாலும் நிலைமை இதேதான். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் உடன் போகிறவருக்குச் செய்யுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவரைத்தான் நினைக்கின்றன. துணைவருக்கும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

யாத்திரை போகும் அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் மேலே சொன்னவற்றில் பல பயன்படாது, ஏனென்றால் எல்லாம் ஆங்கிலம் வழியாக வருபவை. தமிழ் மட்டும் சரளமாகப் பேசும் பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகளே ஆசிரியர்கள் ஆகலாம். பேரன் ஒரே ஒரு பாடத்துக்குப் பணம் கட்டி, இத்தாலிய ஆசிரியரிடம் பதினைந்து வாக்கியங்களைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யட்டும்: கழிவறை எங்கே, எனக்கு முட்டி வலிக்கிறது, மெதுவாகப் பேசுங்கள், என் குழுவைத் தவறவிட்டுவிட்டேன், திருப்பலி எத்தனை மணிக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தமிழில் பொருளைத் தன் குரலில் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒன்றாக அனுப்பட்டும். பாட்டி அதைக் கேட்டுத் தன் குரலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. பேரன் கேட்கிறான் என்றால் பாட்டி பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல தளங்களில் முதல் பாடம் குறைந்த கட்டணத்தில் சோதனைப் பாடமாகக் கிடைக்கும். இரண்டு மூன்று பேரிடம் அப்படிப் பேசிப் பாருங்கள். பாடம் தொடங்கும் முன்பே உங்கள் தேவையை எழுதி அனுப்பிவிடுங்கள்: எந்த ஊர், எத்தனை நாள், என்ன சாப்பிட மாட்டீர்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வந்து, முதல் ஐந்து நிமிடத்துக்குள் உங்களைப் பேசவைக்கும் ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரமும் வினைத் திரிபு அட்டவணையைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருப்பவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் உங்கள் பயணத்துக்கு வேண்டியவர் இல்லை, அடுத்தவரைப் பாருங்கள்.